ஆசிட் எங்கே போச்சு?

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரியில் மட்டம் இறங்கிவிட்டது. ஆசிட் தீர்ந்துபோச்சு என்று சொல்லி, பக்கத்து வீட்டு அண்ணன் போன மாதம் அரை பாட்டில் ஆசிட் ஊற்றினார். கடையிலோ டிஸ்டில்டு வாட்டர் போதும் என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: கடைக்காரர் சொல்வதுதான் சரிம்மா. அதற்காக அண்ணனைத் திட்டிவிடாதீர்கள். பேட்டரிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு லாரி பேட்டரிக்கு இதையேதான் செய்தேன். முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஒரு பக்கம். ஆசிட் தெறித்தது அன்றைக்குத் தெரியவில்லை. சட்டையைத் துவைத்துக் காயப்போட்டபோது முன்பக்கம் சல்லடை.

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள், அறைக்குச் சுமார் 2 வோல்ட். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடு, ஈய டை ஆக்சைடு உள்ள பழுப்புத் தகடு, இரண்டும் முங்க நீர்த்த கந்தக அமிலம். 1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே செய்து காட்டிய அதே சேர்க்கைதான். கரண்ட் போனதும் ஈயத் தகட்டின் அணுக்கள் ஆளுக்கு இரண்டு எலக்ட்ரானை விட்டுவிட்டு, அமிலத்தில் இருக்கும் சல்பேட்டோடு ஒட்டிக்கொள்கின்றன. அந்த எலக்ட்ரான்களுக்கு அமிலத்துக்குள் வழி கிடையாது. ஒயர் வழியாகச் சுற்றித்தான் பழுப்புத் தகட்டுக்குப் போகவேண்டும். அந்தச் சுற்றில்தான் உங்கள் ஃபேன் ஓடுகிறது. பழுப்புத் தகடும் சல்பேட்டைப் பிடித்துக்கொள்ள, கூடவே தண்ணீர் உண்டாகிறது.

ஆக, பேட்டரி இறங்க இறங்க ஆசிட் நீர்த்துப்போகும். ஆனால் எங்கேயும் ஓடிவிடவில்லை, தகட்டில் உட்கார்ந்திருக்கிறது. சாயங்காலம் ஹைட்ரோமீட்டரில் கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, 1150 காட்டிய பேட்டரி, ராத்திரி முழுக்க சார்ஜில் கிடந்தால் காலையில் 1250-க்கு வந்து நிற்கும், ஒரு சொட்டு ஊற்றாமலே.

அப்புறம் மட்டம் ஏன் இறங்குகிறது? சார்ஜ் நிறையும் நேரத்தில், மிச்சக் கரண்ட் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துவிடுகிறது. குமிழ் குமிழாக வருவது அதுதான். போவது தண்ணீர், அதனால் ஊற்றவேண்டியதும் தண்ணீர். போர் தண்ணீரும் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், இரும்பும் உப்பும் துளி இருந்தாலும் தகட்டைக் கெடுக்கும், பேட்டரி சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்கும். மூடியில் உள்ள மிதவை பச்சைக் கோட்டுக்கு வந்தால் நிறுத்திவிடுங்கள். மட்டம் பார்க்கத் தீக்குச்சி கிழிக்கவே கூடாது, டார்ச் அடித்துப் பாருங்கள்.

சரி, ஏற்கெனவே ஊற்றிய அரை பாட்டில்? கூடுதல் ஆசிட் தகட்டை அரிக்கும். போதாததற்கு, கிராவிட்டியும் பொய்யாக ஏறி நிற்கும். பேட்டரி நன்றாக இருக்கிறது என்று கடைக்காரரே ஏமாந்துவிடுவார். அதனால் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். முழுச் சார்ஜ் ஏற்றி, அறை அறையாகக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, டிஸ்டில்டு வாட்டர் விட்டுச் சரிக்கட்டுவார். ஒரே நாளில் முடியாது, பேட்டரியை இரண்டு நாள் விட்டுவிட்டு வாருங்கள்.