லூபஸ் மருந்துச் செலவும் பெட்டியில் கிடக்கும் காப்புறுதிப் பத்திரமும்

கேள்வி: நாங்கள் பட்டர்வொர்த்தில் வசிக்கிறோம். என் மனைவிக்கு வயது 34. லூபஸ் நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்த உறுப்புகளையே தாக்கும் நோய்) சிறுநீரகத்தைப் பாதித்ததால் சென்ற ஆண்டு தனியார் மருத்துவமனையில் திசுப் பரிசோதனை செய்தார்கள். சிறுநீரகப் பாதிப்பு நான்காம் வகை என்று அறிக்கை வந்தது. இப்போது நோய் அடங்கியிருக்கிறது. ஆனாலும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட் முதலான மருந்துகளுக்கும் இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளுக்கும் மாதம் சுமார் 900 ரிங்கிட் ஆகிறது. மருத்துவக் காப்புறுதி அட்டையில் இதைக் கோர முடியவில்லை. மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாமா, என் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்கலாமா? முகவர் வேறு நிறுவனத்தின் அட்டைக்கு மாறச் சொல்கிறார். திருமணத்துக்கு முன் மனைவி எடுத்த ஆயுள் காப்புறுதி ஒன்றும் உள்ளது.

பதில்: நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த ஆயுள் காப்புறுதியிலிருந்தே தொடங்குகிறேன். அதில் கடும் நோய்களுக்கான இணைப்புக் காப்புறுதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மலேசியக் காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாகப் பின்பற்றும் 36 கடும் நோய்களின் பட்டியலில், கடுமையான சிறுநீரகப் பாதிப்புடன் கூடிய லூபஸ் நோயும் ஒன்று. டயாலிசிஸ் நிலைக்குப் போனால்தான் பணம் கிடைக்கும் என்று பலர் எண்ணிக்கொண்டு கோரிக்கையே வைக்காமல் இருந்துவிடுகிறார்கள். அந்த வரையறை அப்படிச் சொல்லவில்லை. லூபஸை வாதநோய்ச் சிறப்பு மருத்துவர் (ருமட்டாலஜிஸ்ட்) உறுதிப்படுத்த வேண்டும், திசுப் பரிசோதனையில் மூன்று முதல் ஐந்து வரையிலான வகை என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மனைவியின் அறிக்கை நான்காம் வகை என்கிறது. அவரைச் சிறுநீரக மருத்துவர் மட்டுமே பார்த்துவந்தால், வாதநோய் மருத்துவரின் கடிதத்தைத் தனியாகப் பெற்று, திசுப் பரிசோதனை அறிக்கையின் முழு நகலுடன் தாமதமின்றிக் கோரிக்கையை அனுப்புங்கள். பழைய பத்திரங்களில் வாசகம் மாறியிருக்கலாம் என்பதால் முகவரின் வாய்மொழியை நம்பாமல் வரையறைப் பக்கத்தை நீங்களே படியுங்கள். கிடைக்கும் தொகை ஆயுள் காப்புறுதித் தொகையிலிருந்து கழிக்கப்படுமா என்பதும் அங்கேயே இருக்கும்.

மாத்திரையைக் குறைப்பது பணக் கணக்கிலேயே நட்டம். சிறுநீரக நோய்க்கான பன்னாட்டு வழிகாட்டியான கேடிஐஜிஓ, 2024 ஆம் ஆண்டுப் பதிப்பில், தொடக்கச் சிகிச்சையும் பராமரிப்புச் சிகிச்சையும் சேர்ந்து 36 மாதங்களுக்குக் குறையக் கூடாது என்கிறது. எனவே மாதம் 900 வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 32,400 ரிங்கிட் என்று, வீட்டுக் கடன் தவணையைப் போல ஒதுக்கிவையுங்கள். இடையில் நோய் மீண்டும் கிளம்பினால் அதிக அளவு ஸ்டீராய்டு, மருத்துவமனைவாசம், சம்பளமில்லா விடுப்பு என்று செலவு பன்மடங்காகும். சிறுநீரகம் இழக்கும் திறன் திரும்புவதும் அரிது. விலை குறைந்த அசத்தியோபிரின் என்ற மாற்று மருந்துக்கு மாறலாமா என்று மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் 2011 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் மைக்கோஃபினோலேட் எடுத்தவர்களில் 16.4 விழுக்காட்டினருக்கும், அசத்தியோபிரின் எடுத்தவர்களில் 32.4 விழுக்காட்டினருக்கும் சிகிச்சை பலனளிக்காமல் போனது என்பதையும் அறிந்து கேளுங்கள். குழந்தைக்குத் திட்டமிருந்தால் கணக்கு வேறு: மைக்கோஃபினோலேட்டைக் கருத்தரிப்பதற்கு ஆறு வாரமாவது முன்னதாக நிறுத்தி, மருத்துவரின் மேற்பார்வையில் மாற வேண்டும்.

செலவை உண்மையிலேயே குறைக்கும் வழி பினாங்கு பொது மருத்துவமனை. தற்போதைய மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதமும் திசுப் பரிசோதனை அறிக்கையும் வாங்கிச் சிறுநீரகச் சிறப்புப் பிரிவில் பதிந்துகொண்டால், குடிமக்களுக்குத் தொடர் வருகைக் கட்டணம் 5 ரிங்கிட். அங்குள்ள மருத்துவர் எழுதும் மருந்துகளும் அதில் அடங்கும். அரை நாள் காத்திருப்பு இருக்கத்தான் செய்யும். மருந்தை அஞ்சலில் பெறும் வசதியைப் பற்றி மருந்தகத்தில் விசாரியுங்கள். முதல் சந்திப்பு முடிந்து அங்கே மருந்து கிடைக்கும்வரை தனியார் மருந்தை ஒரு நாளும் விடக் கூடாது. அதே வேதிப்பொருள் கொண்ட பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்து பொருந்துமா என்று இப்போதைய மருத்துவரையே கேளுங்கள். அந்த இடைக்காலச் செலவு குறையலாம்.

இபிஎஃப் இதற்கெல்லாம் பிறகுதான். சுகாதாரச் செலவுக்கான பணம், மாதச் சந்தாவில் 15 விழுக்காடு சேரும் செஜாத்தெரா கணக்கிலிருந்து வரும். முதலாளி ஏற்காத செலவை மருத்துவச் சான்றுடன் காட்ட வேண்டும். ஃபிளெக்சிபல் கணக்கில் எடுப்பது எளிதுதான், ஆனால் 2024 க்கு 6.30 விழுக்காடு இலாப ஈவு தந்த பணம் அது. வருமான வரியில் கடும் நோய்ச் செலவுக்கு 10,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு; உங்கள் மனைவியின் நிலைக்கு அது பொருந்துமா என்று வரி வாரியத்திடம் கேளுங்கள், ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருங்கள்.

முகவர் சொல்கிறபடி அட்டையை மாற்றிவிடாதீர்கள். இருக்கும் அட்டை வெளிநோயாளி மருந்துக்கு உதவாவிட்டாலும், மருத்துவமனையில் சேர நேர்ந்தால் கைகொடுக்கும். புதிய அட்டையில் லூபஸ் ஏற்கெனவே உள்ள நோயாகிவிடும். அதை மறைத்து விண்ணப்பித்தால் பின்னர் கோரிக்கையே தள்ளுபடியாகும். சிறுநீரக நோய்க்கு முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு என்று நிறுவனத்தின் முத்திரையுடன் எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை பழைய அட்டையின் மாதச் சந்தா வங்கியிலிருந்து பிடிக்கப்படுவதை நிறுத்த வேண்டாம்.