பழைய கோம்பி வேனுக்கு வீட்டிலேயே சர்வீஸ்: டேப்பட் முதலில், ஆயில் அப்புறம்

கேள்வி: 1969 மாடல் ஃபோக்ஸ்வேகன் டைப் 2 கேம்பர்வேன் (கோம்பி) வாங்கியிருக்கிறேன். 1600 சிசி, ஏர்கூல்டு இன்ஜின். வழக்கமான சர்வீஸை நானே வீட்டில் செய்யலாமா? லேசாக 'டிக் டிக்' என்று சத்தம் வேறு வருகிறது.

பதில்: தாராளமாகச் செய்யலாம். இந்த இன்ஜினில் ரேடியேட்டர் கிடையாது. விசிறிக் காற்றும் இரண்டரை லிட்டர் ஆயிலும்தான் அதன் சூட்டைத் தணிக்கின்றன. அதனால் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில், டேப்பட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கர் கைக்கும் நடுவே விடும் இடைவெளி) இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்பானரை எடுக்கும் முன் பெட்ரோல் ஹோஸைப் பாருங்கள். வளைத்தால் வெடிப்பு தெரிகிறதா, நுனியில் ஈரம் இருக்கிறதா? சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். இந்த வேன்கள் தீப்பிடிப்பது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

டேப்பட் பார்க்க இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஆயில் வடிக்கச் சூடாக இருக்க வேண்டும். அதனால் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே டேப்பட்டை முடித்துவிடுங்கள். ஸ்பிரிங் கம்பியைக் கீழே தள்ளினால் வால்வு மூடி கையோடு வந்துவிடும். இன்ஜின் புல்லியைத் (ஃபேன் பெல்ட் ஓடும் சக்கரம்) திருப்பி, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்தனுப்பும் பாகம்) சுழலும் ரோட்டர் அதன் விளிம்பிலுள்ள கீறலுக்கு நேரே வரும்படி வையுங்கள். இப்போது 1-ம் சிலிண்டரை செட் செய்யலாம். வலப்பக்கம், வண்டியின் முன்புறம் பார்த்து இருப்பது அதுதான். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.15 மி.மீ. இடைவெளி. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், இறுகக் கூடாது. இடைவெளியை ஸ்க்ரூவில் சரிசெய்து, அதைப் பிடித்துவைக்கும் லாக் நட்டை முடுக்கியதும் மறுபடி அளந்து பாருங்கள். முடுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே கொஞ்சம் திரும்பியிருக்கும். பிறகு புல்லியைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அரைச்சுற்று திருப்பினால் 2-ம் சிலிண்டர், அப்படியே 3, 4.

உங்கள் 'டிக் டிக்' சத்தத்துக்கு வருகிறேன். லேசான சத்தம் என்றால் கவலை வேண்டாம். சத்தமே இல்லாத டேப்பட்தான் எனக்குப் பயம். நாளாக ஆக வால்வு நீளும், அது உட்காரும் சீட்டிங் தேயும், இடைவெளி குறையும். வால்வு முழுதாக மூடாவிட்டால் சூட்டை ஹெட்டுக்குக் (சிலிண்டரின் மேல்மூடி) கடத்த முடியாமல் கருகும். கடைசியில் வால்வின் தலை முறிந்து பிஸ்டனில் விழும். 3-ம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வைக் கூடுதலாகக் கவனியுங்கள். உங்கள் மாடலில் ஆயில் கூலர் அதற்குப் போகும் காற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அதன் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

அடுத்து கால் மணி நேரம் ஓட்டிவிட்டு ஆயிலை வடியுங்கள். இதில் ஃபில்டர் இல்லை, கம்பிவலை சல்லடைதான். ஆறு சின்ன நட்டுகளைக் கழற்றி, சல்லடையைப் பெட்ரோலில் கழுவி, புது கேஸ்கெட், செம்பு வாஷரோடு மாட்டுங்கள். முடுக்குவதற்கு 7 நியூட்டன் மீட்டர் போதும். பலம் காட்டினால் மரை போய்விடும், அந்த வேலை வீட்டில் முடியாது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் மின்தொடர்பான சி.பி. பாயின்ட்டின் இடைவெளி 0.4 மி.மீ. ஃபேன் பெல்ட் நடுவில் அழுத்தினால் ஒன்றரை செ.மீ. இறங்கினால் சரி. விசிறி, டைனமோ இரண்டும் அந்த ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. வழியில் சிவப்பு சார்ஜ் விளக்கு எரிந்தால் 'பேட்டரிதானே' என்று ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். பெல்ட் அறுந்து விசிறியும் நின்றிருக்கலாம். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். ஒரு ஸ்பேர் பெல்ட்டும் 21 மி.மீ. ஸ்பானரும் வண்டியிலேயே கிடக்கட்டும்.