ரத்த தானத்துக்குப் பிறகு ‘ஹெபடைடிஸ் பி ரியாக்டிவ்’ என்று சொன்னால்

வணக்கம் நண்பரே. கல்லூரி முகாமில் ரத்தம் கொடுத்ததையும், ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு ‘ஹெபடைடிஸ் பி ரியாக்டிவ்’ என்று சொன்னதையும் படித்தேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கலாம் என்று முதல் சோதனை காட்டுகிறது, ‘ரியாக்டிவ்’ என்றால் அவ்வளவுதான். முகாமில் குத்திய ஊசியால் வந்ததோ என்ற சந்தேகம் வேண்டாம். அந்த ஊசி ரத்தப் பையோடு சேர்ந்தே வருவது, ஒருமுறைதான் பயன்படும். அன்றைக்கு எடுத்த ரத்தத்திலேயே தெரிகிறது என்றால், தொற்று இருந்தாலும் அது பழையதுதான்.

இந்தியாவில் தானமாக வரும் ஒவ்வொரு யூனிட்டையும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்துக்கும் பரிசோதித்தே ஆக வேண்டும். ஒன்றுகூடத் தப்பிவிடக் கூடாது என்று வைத்திருக்கும் சோதனைகள் என்பதால், நோய் இல்லாதவருக்கும் சில சமயம் ரியாக்டிவ் வரும். சமீபத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டீர்களா? போட்ட சில நாட்களில் ரத்தம் கொடுத்திருந்தால் அதுவேகூட இப்படிக் காட்டலாம். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ரத்த வங்கியின் ஆலோசகரை நேரில் பார்த்து அரசு மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குங்கள். 2018-இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், தொற்றை உறுதிப்படுத்தும் சோதனையும் மருந்தும் இலவசம். உறுதியானாலும் எல்லோருக்கும் உடனே மருந்து தேவைப்படாது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட தொற்று என்பார்கள்.

அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள், படிக்கவே கஷ்டமாக இருந்தது. சாப்பாட்டில் இது பரவாது, இன்றைக்கே சேர்ந்து சாப்பிடுங்கள். ரேசர், டூத்பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும். அப்புறம், உறுதியானால் அம்மாவும் கூடப்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து வருவது இதில் அதிகம்.