லேப்டாப்பில் ஜாவா 17, தோட்ட ஆபீஸில் ஜாவா 8: கேள்வி பதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட ஆபீஸ், செம்பனை ஆலை, கூட்டுறவுக் கடை என்று புரோகிராம் எழுதிக் கொடுக்கும் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாருக்கும் ஒரே தலைவலிதான்: எழுதுவது புது ஜாவாவில், ஓட வேண்டியது பழைய ஜாவாவில்.

கே: அண்ணே, என் லேப்டாப்புல நல்லா ஓடுது. செக்ரோல் (தோட்டச் சம்பளப் பதிவு) போடுற கணினில 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்'னு நிக்குது. 61, 52ன்னு என்னமோ சொல்லுதுலா.

ப: 61 என்பது ஜாவா 17 எழுதும் கிளாஸ் கோப்பின் எண் தம்பி. 52 ஜாவா 8-இன் எண். தனக்குத் தெரிந்ததைவிடப் பெரிய எண்ணைப் பார்த்தால் பழைய ஜாவா அந்தக் கோப்பைத் தொடாது. கம்பைல் செய்யும்போது, அதாவது எழுதிய கோடைக் கிளாஸ் கோப்பாக மாற்றும்போது, '--ரிலீஸ் 8' என்ற ஆப்ஷனைக் கொடுங்க.

கே: 'சோர்ஸ் 8', 'டார்கெட் 8' கொடுத்தாலே போதும்னுதானே படிச்சோம்?

ப: போதாது. இதில் நானே சூடுபட்டிருக்கேன். ஓர் ஆலையின் எடை மேடைக்கு எழுதிய புரோகிராமை ஜே.டி.கே 17-இல் (ஜாவா 17-இன் கம்பைலரும் ஆயத்த வகுப்புகளின் நூலகமும் சேர்ந்த தொகுப்பு) அப்படித்தான் கம்பைல் செய்தேன். எண் 52 என்று சரியாகவே இருந்தது. ஆலைக் கணினியில் திரை திறந்தது, லோரி நம்பர் ஏறியது. முதல் லோரி மேடையில் ஏறி, தராசிலிருந்து எடை வர வேண்டிய நேரத்தில் 'நோ சச் மெத்தட் எரர்'. காரணம், தராசு அனுப்பும் பைட்டுகளைப் பிடித்து வைக்கும் 'பைட்பஃபர்' வகுப்பின் 'ஃபிளிப்' என்ற மெத்தட்.

ஜாவா 8-இல் ஃபிளிப் இருப்பது 'பஃபர்' என்ற தாய் வகுப்பில். அது தருவதும் பஃபர்தான். ஜாவா 9-இல் பைட்பஃபருக்கே தனி ஃபிளிப் எழுதி, அது பைட்பஃபரையே தரும்படி மாற்றினார்கள். என் வரியில் ஓர் எழுத்தும் தப்பில்லை. ஆனால் கம்பைலர் பார்த்தது 17-இன் நூலகத்தை. அதனால் 'பைட்பஃபரைத் தரும் ஃபிளிப்' என்று கோப்பில் பதிந்துவிட்டது. ஜாவா 8-இல் அப்படி ஒன்று கிடையாது. அந்த வரி ஓடும்போதுதான் ஜாவா அதைத் தேடும் என்பதால், அதுவரை எதுவும் தெரியவில்லை. வெளியே குலை ஏற்றிய லோரிகள் வரிசை கட்டி நின்றன. வெட்டிய குலை காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் கூடும். கிராணி (எழுத்தர்) ஐயா கையாலேயே சீட்டு எழுதி அனுப்பினார். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

சோர்ஸ் மொழியின் இலக்கணத்தைப் பார்க்கும், டார்கெட் கோப்பின் எண்ணைப் போடும். நூலகத்தை இரண்டுமே பார்க்காது. முன்பெல்லாம் பழைய ஜாவாவின் நூலகத்தை 'பூட்கிளாஸ்பாத்' வழியாக நாமே காட்ட வேண்டும். 2017-இல் ஜே.டி.கே 9-உடன் வந்த ரிலீஸ், பழைய பதிப்புகளில் எந்த மெத்தட் இருந்தது என்ற பட்டியலை ஜே.டி.கே-க்குள்ளேயே வைத்துக்கொண்டு சரிபார்க்கிறது.

கே: கம்பைல் வேலையைப் பாத்துக்கிற மேவன் கருவில இந்த ரிலீஸை எங்கண்ணா போடணும்?

ப: 'மேவன்.கம்பைலர்.ரிலீஸ்' பிராப்பர்ட்டிக்கு 8 கொடும்மா, பழைய சோர்ஸ், டார்கெட் வரிகளை எடுத்துடு. அதே மாதிரிக் கருவியான கிரேடிலில் 'ஆப்ஷன்ஸ்.ரிலீஸ்'. ஒன்று கவனம், ஜே.டி.கே 8-இன் கம்பைலருக்கே இந்த ஆப்ஷன் தெரியாது. கூட வேலை பார்ப்பவர் அதில் கம்பைல் செய்தால் பிழை வரலாம்.

கே: ரிலீஸ் 8 போட்டதும் 'இஸ்பிளாங்க்' இல்லைங்குது.

ப: நல்லதுதான். எழுத்துச் சரம் வெறுமையா என்று பார்க்கும் அந்த மெத்தட் ஜாவா 11-இல் வந்தது. ஆலையில் வர வேண்டிய பிழை உங்க வீட்டிலேயே வந்துவிட்டது. 'ட்ரிம்' செய்து 'இஸ்எம்ப்டி' பாருங்க.

கே: ரிலீஸ் கொடுத்தும் அதே 61 வருதே அண்ணே?

ப: நீங்க சேர்த்த ஜார் கோப்புகளை (பிறர் கம்பைல் செய்து கொடுத்த கிளாஸ் தொகுப்புகள்) பாருங்க. ரிலீஸ் உங்க கோடுக்கு மட்டும்தான் பொறுப்பு. உதாரணமாக, ஸ்பிரிங் பூட் என்ற ஃபிரேம்வொர்க்கின் 3-க்கு ஜாவா 17 கட்டாயம். ஜாவா 8-இல் ஓட வேண்டுமானால் 2.7 வரிசையோடு நில்லுங்க.

கே: ஜே.டி.கே 21-க்கு மாறினா 8-க்குக் கம்பைல் ஆகுமா?

ப: ஆகும், எச்சரிக்கை ஒன்று காட்டும். 7-க்கான ஆதரவு ஜே.டி.கே 20-இலேயே போய்விட்டது.

கே: சார், பேசாம அந்தக் கணினில ஜாவாவைப் புதுசாக்கிட்டா என்ன?

ப: முடிந்தால் அதுதான் சிறந்தது, சார். ஆனால் தராசோடு பேசும் பழைய மென்பொருளும் அதே ஜாவாவை நம்பியிருந்தால், கேட்காமல் கை வைக்காதீங்க. அதுவரை உங்க லேப்டாப்பில் ஜாவா 8-ஐத் தனி ஃபோல்டரில் வைத்து, திரை திறந்ததோடு நிற்காமல், எடையை வாசித்துச் சீட்டு அச்சாகும்வரை ஓட்டிப் பாருங்க.