1989 ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் தேர்தலில் சாமிவேலு, சுப்பிரமணியம் இருவரில் யார் பலமானவர்?

சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவன் என்பதால், எங்கள் தொகுதியை 1974 முதல் 2008 வரை வைத்திருந்த சாமிவேலுவின் பக்கம் நான் சற்றுச் சாயக்கூடும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்து, கட்டடக் கலைஞராகவும் ஆன அவருக்குக் குரலே பெரிய ஆயுதம். தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்து வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்தால், முந்தைய நாள் அவரைத் திட்டியவரும் எழுந்து நிற்பார். ஆனால் எதிர்க்கருத்தைப் பொறுக்காத குணமும், தோட்ட மக்களின் சேமிப்பு முடங்கிய, ம.இ.கா. தொடங்கிய மைக்கா நிறுவன முதலீடும் அவர் பெயரைக் கறைப்படுத்தின.

முந்தைய தலைவர் மாணிக்கவாசகம் காலத்தில் தலைமைச் செயலாளராகக் கட்சியைக் கட்டமைத்த சுப்பிரமணியத்தின் பலம், நிதானமும் நிர்வாகத் திறனும் ஆகும். 1977-இல் துணைத் தலைவர் போட்டியில் வெறும் 26 வாக்குகளில் சாமிவேலுவிடம் தோற்றவர் அவர். அடித்துப் பேசி ஆள் சேர்க்கும் துணிவு அவரிடம் குறைவு. 1989-இல் மோதியபோது, அமைச்சர் பதவியும் பத்தாண்டுத் தலைமையும் எதிராளியின் கையில் இருந்தன. நிர்வாகத்துக்குச் சுப்பிரமணியம், களத்துக்குச் சாமிவேலு என்பேன், வென்றது களம்தான்.