எழுதுகிறவர் சொந்தமாகச் சிறு பதிப்பகம் நடத்தினால் எழுத்து கெட்டுப்போகுமா?

கேள்வியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. உங்கள் தொகுப்பை இரண்டு மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பியிருப்பீர்கள், கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும், 'நாமே ஆரம்பித்தால் என்ன' என்று தோன்றியிருக்கும். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

நேரமே கிடைக்காது என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். அதெல்லாம் கிடைக்கும். பேங்க் வேலைக்குப் போகிறவர்களும்தான் எழுதுகிறார்கள். மெய்ப்புப் பார்த்துப் பார்த்து, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்தித் திருத்திக் கண் போகும், அதையும் சமாளித்துவிடலாம். ஆனால் பதிப்பாளர் ஆன நாளிலிருந்து உங்கள் கதையைப் பற்றி ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள். இதை என்னிடம் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

எனக்கு ஒரு நண்பர். கதை அனுப்பினால் ராத்திரி போன் போட்டுக் கிழித்துத் தொங்கவிடுவார். "யோவ், அந்தப் பொம்பள எதுக்குய்யா மூணாம் பக்கத்துலயே அழுவுது?" என்பார். கோபம் வரும், மறுநாள் திருத்துவேன். பதிப்பகம் தொடங்கிய பிறகு அவருக்கு ஒரு கதை அனுப்பினேன். 'அபாரம் சார்!' என்று வாட்ஸப்பில் பதில், கூடவே மூன்று கும்பிடு. அதற்குக் கீழேயே அவருடைய நாவல், பிடிஎஃப்பாக. 'சாவகாசமாகப் பாருங்கள், ஜனவரி கண்காட்சிக்குக் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும்.' யோவ் போய் சார் வந்திருந்தது. அந்தக் கதை சுமார்தான், எனக்கே தெரியும்.

அவரைக் குறை சொல்லவில்லை. நாவல் நன்றாகவே இருந்தது, போட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சார்தான் போட்டிருப்பேன்.

அப்புறம் வேறு வழி கண்டுபிடித்தேன். ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டு (சொல்ல மாட்டேன்) புது மின்னஞ்சல் முகவரியிலிருந்து சிற்றிதழ்களுக்கு அனுப்ப ஆரம்பித்தேன். ஓர் ஆசிரியர் திருப்பி அனுப்பினார், ஒரே வரியோடு: 'கடைசி இரண்டு பத்தியும் வாசகரை நம்பாமல் எழுதியது.' அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இப்போதும் என் கதைகள் அந்தப் பெயரில்தான் போகின்றன. இது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

"எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' சிற்றிதழைத் தொடங்கிப் புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போகவில்லையா, அவர் எழுதவில்லையா?" என்று யாராவது கீழே கேட்பீர்கள். போனார், எழுதினார். நான் செல்லப்பா இல்லை. தவிர, மூட்டை தூக்குவது இந்தத் தொழிலில் சுலபமான பகுதி.

பணக் கணக்கு கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 160 பக்கம், விலை 200 ரூபாய் என்று வையுங்கள். புத்தகக் கடைக்குத் தரும் கழிவு 35 சதவீதம் என்றால் 70 ரூபாய் அங்கேயே போயிற்று. குறைந்த பிரதி அடித்தால் அச்சுக்கூலி, தாள், அட்டை எல்லாம் சேர்ந்து 80ஐத் தொடும். எழுதியவருக்கு ராயல்டி 20. மிச்சம் 30 ரூபாயில் அட்டை ஓவியர், மெய்ப்புப் பார்ப்பவர், தபால். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். தாளுக்கு உண்டு, 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பரில் 18 ஆயிற்று. விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

தபால் என்றதும் வயிறு எரிகிறது. ரிஜிஸ்டர்டு புக் போஸ்ட் என்று ஒன்று இருந்தது. வெளியூர் வாசகருக்குக் கட்டுப்படியான விலையில் புத்தகம் போய்ச் சேர்ந்ததே அதனால்தான். 2024 டிசம்பரில் திடீரென்று நிறுத்தினார்கள். நான் கட்டிய பார்சல்களோடு வரிசையில் நின்றபோதுதான் தெரியும். பிறகு 2025 மே மாதம் அதே தபால் துறையிலிருந்து 'ஞான் போஸ்ட்' என்ற சேவை வந்தது, 300 கிராமுக்கு 20 ரூபாய், வரி தனி. பாடநூல், சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்காம். சிறுகதைத் தொகுப்பு இதில் எதில் சேர்த்தி? கவுண்டரில் இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாமி புத்தகமா சார்?" என்றார். "பண்பாடு" என்றேன். முத்திரை குத்தினார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தொடங்குங்கள். ஆனால் உங்கள் தொகுப்பை உங்கள் பதிப்பகத்தில் போடாதீர்கள். வேறொருவர் வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடத்துக்கு அனுப்புங்கள். முதல் புத்தகத்தை நூறு பிரதிக்கு மேல் அடிக்காதீர்கள், தேவைப்பட்டால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான அடையாள எண், இந்தியாவில் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் முகமையின் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். வாங்கித் தருகிறேன் என்று யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.