பெட்டியில் ஒரு பெயர், கொப்பியில் ஒரு பெயர்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது, நிறை 43 கிலோ. சலரோகமும் பிறஷரும் பத்து வருடமாக இருக்கின்றன. பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் மாதாமாதம் மருந்து எடுக்கிறோம். சலரோகத்துக்கு மெற்போமின், கிளிக்கிளசைட், பிறஷருக்கு லொசாட்டன், ஐதரோகுளோரோதயசைட் என்று கிளினிக் கொப்பியில் இருக்கிறது. முழங்கால் நோவுக்கு வெளியில் ஒரு டொக்டரிடம் காட்டினோம். வோல்ட்டரன் 50 காலை இரவு போடச் சொல்லி, வயிற்றுக்கு ஒமிப்பிரசோல் கப்சூலும் பத்து நாளுக்கு எழுதினார். சுகமாக இருந்ததால் அதே துண்டைக் காட்டி மூன்று மாதமாக வாங்கிப் போடுகிறோம். கனடாவில் இருந்து வந்த அண்ணா டைலனோல் ஆத்திரைட்டிஸ் 650 பெரிய போத்தல் ஒன்று தந்துவிட்டுப் போனார். அது காலையில் இரண்டு, இரவில் இரண்டு. மத்தியானம் பனடோல் இரண்டு. போன கிழமை தடிமன் வந்தபோது பாமசியில் வாங்கிய தடிமன் குளிசையும் மூன்று நாள், நாளுக்கு இரண்டு போட்டார். இப்போது கால் வீங்குகிறது, களைப்பு என்கிறார். இவ்வளவையும் ஒன்றாகப் போடலாமா? இன்னொன்று: அந்தக் கப்சூலின் கூடு மாட்டெலும்பில் செய்தது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நல்லூர்க் கோயில் கொடியேறினால் அதைத் தொடவே மாட்டேன் என்கிறார்.
ஒரு மகள், சாவகச்சேரி

பதில்: பிள்ளை, செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. வோல்ட்டரனை இன்றோடு நிறுத்துங்கள். டைலனோல், பனடோல், தடிமன் குளிசை மூன்றில் பனடோலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதை எப்போது, எவ்வளவு போடலாம் என்று கீழே சொல்கிறேன். பிறஷர் குளிசையையும் சலரோகக் குளிசையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல், நாளை அல்லது நாளை மறுநாள் ஒரு வைத்தியரிடம் காட்டி, இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், ஈரல் பரிசோதனை மூன்றையும் செய்வியுங்கள். சலம் போவது குறைந்தால், மூச்சு வாங்கினால், மலம் தார் போலக் கறுத்தால், கண் மஞ்சளானால், சத்தி விடாமல் எடுத்தால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். 1990 அம்புலன்சுக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சரி, இனிக் காரணம். அம்மா மூன்று வெவ்வேறு மருந்து போட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். டைலனோலும் பனடோலும் ஒரே மருந்துதான். பாமசிகளில் விற்கும் தடிமன் குளிசைகளில் பலவற்றிலும் அதே மருந்து கலந்திருக்கும், உறையைத் திருப்பிப் பாருங்கள். அதன் பெயர் பரசிற்றமோல். கனடாவிலும் அமெரிக்காவிலும் அதையே அசிற்றமினோபென் என்பார்கள். ஒரே நீண்ட இரசாயனப் பெயரில் இருந்து இரண்டு நாட்டார் இரண்டு விதமாக எழுத்துகளைப் பொறுக்கிச் செய்த பெயர்கள் அவை. போத்தலில் அசிற்றமினோபென் என்று இருந்ததால் அண்ணாவுக்கும் சந்தேகம் வந்திருக்காது. கனடாச் சாமான் என்றால் ஊர்ப் பனடோலைவிட ஏதோ உசத்தி என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

கணக்குப் பார்ப்போம். டைலனோல் நான்கு, ஒவ்வொன்றும் 650 மில்லிகிராம்: 2600. பனடோல் இரண்டு, 500 வீதம்: 1000. தடிமன் குளிசை ஒன்றில் 500 என்று வைத்தால் இன்னொரு 1000. ஆக 4600 மில்லிகிராம். நல்ல உடம்புள்ள வளர்ந்தவருக்கே 24 மணித்தியாலத்துக்கு 4000தான் உச்ச அளவு. நிறை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், வயதானவர்கள், சாப்பாடு குறைந்தவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், ஈரல் வருத்தக்காரர் எல்லோருக்கும் அதிலும் குறைக்க வேண்டும். 43 கிலோ அம்மாவுக்கு நான் சொல்வது ஒரு நேரத்துக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்று, நாளுக்கு நான்கு நேரத்துக்கு மேல் இல்லை. அதுவும் ஈரல் பரிசோதனை சரியாக வந்தால்தான்.

பரசிற்றமோல் கெட்ட மருந்து அல்ல. அளவோடு போட்டால் இதைவிடப் பாதுகாப்பான நோக்குளிசை கிடைப்பது கடினம். ஈரல் அதை உடைக்கும்போது சிறிதளவு நச்சுப்பொருள் உண்டாகிறது. ஈரலில் உள்ள குளுட்டதயோன் என்ற பொருள் அதை உடனே அடக்கிவிடும். அளவு மிஞ்சினால் குளுட்டதயோன் தீர்ந்து, நச்சு ஈரலிலேயே கைவைக்கும். இதில் வஞ்சகமான விஷயம், முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரு சத்தி, கொஞ்சம் அருவருப்பு, அவ்வளவுதான். சேதம் தெரிய இரண்டு மூன்று நாள் எடுக்கும். மாற்று மருந்து உண்டு, அசிற்றைல்சிஸ்டீன் என்று பெயர், ஒரேயடியாக அதிகம் விழுங்கியவருக்கு முதல் 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். ஆகவே யாராவது தவறியோ கோபத்திலோ அளவுக்கு மிஞ்சிப் போட்டுவிட்டால், "ஆள் நல்லாத்தானே இருக்கிறார்" என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது வோல்ட்டரன்தான். அதன் உள்ளிருக்கும் மருந்து டைக்குளோபெனாக். கொப்பியில் உள்ள லொசாட்டனையும் ஐதரோகுளோரோதயசைட்டையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். சிறுநீரகத்தை ஒரு தோட்டப் பாத்தியாக நினையுங்கள். வாய்க்காலால் தண்ணீர் வருகிறது, மறுபக்க மடையால் போகிறது, இடையில் பாத்தியில் தண்ணீர் நின்றால்தான் பயிருக்கு ஊறும். டைக்குளோபெனாக் வரும் வாய்க்காலை ஒடுக்குகிறது. லொசாட்டன் போகும் மடையைத் திறந்துவிடுகிறது. சலம் போக்கும் ஐதரோகுளோரோதயசைட் கிணற்றிலேயே தண்ணீரைக் குறைக்கிறது. தனித்தனியே ஒவ்வொன்றையும் சிறுநீரகம் சமாளிக்கும். மூன்றும் சேர்ந்தால், அதுவும் 71 வயதில், சலரோகத்தோடு, வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் பாத்தி காய்ந்துவிடும். டைக்குளோபெனாக் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிறஷரையும் ஏற்றும். கால் வீக்கத்துக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். வேறு காரணங்களும் உண்டு, அதனால்தான் ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்கிறேன்.

சிறுநீரகம் தளர்ந்தால் கதை அதோடு நிற்காது. மெற்போமின் வெளியேறுவது சிறுநீரகத்தால். அது தேங்கினால் இரத்தத்தில் அமிலம் கூடும். கிளிக்கிளசைட்டின் வேகமும் கூடி, சீனி தடாலென்று இறங்கக் கூடும். ஒரு முழங்கால் குளிசை மற்ற நான்கின் குணத்தையும் மாற்றிவிடுகிறது.

எழுதிய வைத்தியரைக் குறை சொல்லவில்லை. அவர் பத்து நாளுக்கு எழுதினார், நீங்கள் மூன்று மாதம் போட்டிருக்கிறீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், அவரிடம் போனபோது கிளினிக் கொப்பியைக் கொண்டுபோனீர்களா? நம்மவர்களுக்கு இதில் ஒரு கூச்சம். அங்கே மருந்து எடுப்பது இங்கே தெரியக் கூடாது, இங்கே காட்டியது அங்கே தெரியக் கூடாது. இரண்டு இடத்திலும் மறைத்தால் இரண்டு மருந்தும் சந்திக்கிற ஒரே இடம் அம்மாவின் வயிறுதான்.

மிச்சமிருக்கும் வோல்ட்டரனை வீட்டில் வைக்காதீர்கள். மாரி மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்கும் வரும். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யாராவது அதில் ஒன்றை உடைத்துக் கொடுத்துவிடுவார்கள். டெங்குச் சந்தேகம் உள்ள காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும்தான், அதுவும் நிறைக்கேற்ற அளவில். டைக்குளோபெனாக், இபுபுரோபன், அஸ்பிரின் மூன்றும் இரத்தக் கசிவைக் கூட்டும். முழங்காலுக்கு டைக்குளோபெனாக் களிம்பு பூசினால் இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. ஆனாலும் கிரியேட்டினின் முடிவு வந்த பிறகு கேட்டுவிட்டுப் பூசுங்கள்.

இனி நல்லூர்க் கதைக்கு வருவோம். அம்மா சொல்வது உண்மைதான். கப்சூல் கூடு பெரும்பாலும் ஜெலற்றினில் செய்வது, ஜெலற்றின் மாட்டின் அல்லது பன்றியின் எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது. தாவரப் பொருளில் செய்த கூடுகளும் உண்டு, பெட்டியில் எழுதியிருக்கும். கொடியேறித் தீர்த்தம் முடியும்வரை 25 நாளும் மச்சம் தொடாத ஒருவருக்கு இது சின்ன விஷயம் அல்ல, சிரித்துவிட்டுப் போகாதீர்கள். ஆனால் ஒமிப்பிரசோல் கப்சூலை உடைத்து உள்ளிருப்பதை அரைத்துக் கொடுக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் சின்ன மணிகளுக்கு மேலே ஒரு பூச்சு இருக்கிறது, வயிற்று அமிலம் மருந்தை அழித்துவிடாமல் காப்பது அதுதான். டைலனோல் ஆத்திரைட்டிசும் அப்படித்தான், மெதுவாகக் கரையும்படி செய்தது, உடைத்தால் எட்டு மணித்தியாலத்துக்கு உரியது ஒரேயடியாக இறங்கும்.

பாருங்கள், அந்தக் கப்சூல் வந்ததே வோல்ட்டரன் வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கத்தான். வோல்ட்டரன் போனால் கப்சூலுக்கும் பெரும்பாலும் வேலை இல்லை. அம்மாவுக்கு வேறு வயிற்று வருத்தம் இல்லை என்று வைத்தியர் சொன்னால் நல்லூருக்கு முன்னரே அந்தப் பிரச்சினை முடிந்துவிடும். அப்படியும் தேவைப்பட்டால் அதே வகையில் குளிசையாக வருவதை எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

திருவிழாக் காலம் என்றதால் இரண்டு சொல். விரதம் பிடித்து ஒரு நேரச் சாப்பாட்டை விடும் நாளில் கிளிக்கிளசைட்டை வழமைபோலப் போடக் கூடாது. எந்த நேரக் குளிசையை விடுவது என்று கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். வியர்த்து, நடுங்கி, பேச்சு குழம்பினால் விரதம் அந்த நிமிடமே முடிந்தது, சீனித் தண்ணீர் கொடுங்கள். மற்றது, பல வருடம் மெற்போமின் எடுப்பவருக்கு விற்றமின் பி12 குறையலாம். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் என்றால் இன்னும் குறையலாம். களைப்புக்கும் கால் விறைப்புக்கும் அதுவும் ஒரு காரணம், இரத்தம் எடுக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கொப்பியில் ஒரு பெயரும் பெட்டியில் ஒரு பெயரும் இருப்பது ஏன் என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது கொம்பனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. அந்தச் சின்னப் பெயரைத்தான் கிளினிக் கொப்பியில் எழுதுகிறார்கள். இந்த நாட்டில் அதற்காக முன்னின்றவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். கிளினிக்கில் வெறும் உறையில் போட்டுத் தரும் குளிசைக்குப் பளபளப்பு இல்லாததால் அது குறைந்தது என்று நினைக்க வேண்டாம்.

சின்னப் பெயர் தெரியாததன் விலையை நான் வேலை பழகிய காலத்திலேயே கண்டேன். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று கொப்பியின் முன்பக்கத்திலேயே சிவப்பு மையால் எழுதி வைத்திருந்த ஒருவர், வேறெங்கோ ஒக்மன்டின் வாங்கிப் போட்டுவிட்டு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி வந்தார். ஒக்மன்டினில் இருப்பது அமொக்சிசிலினும் கிளவுலானிக் அமிலமும். அமொக்சிசிலின் பென்சிலின் குடும்பம். "பென்சிலின் என்று அதில் எழுதியில்லையே" என்று தடித்த உதட்டோடு அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. தப்பிவிட்டார்.

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கும் மருந்து எல்லாவற்றையும், பழைய ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டு வைத்தது, சாமித்தட்டுக்குப் பக்கத்தில் இருப்பது, அம்மாவின் கைப்பைக்குள் இருப்பது எல்லாம் சேர்த்து ஒரு சுளகில் கொட்டுங்கள். ஒவ்வொன்றின் சின்னப் பெயரையும் மில்லிகிராமையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு தரம் வந்தால் கோடு போடுங்கள். பெயரில்லாமல் உதிரியாகக் கிடப்பதையும் பாவனை முடிவுத் திகதி கடந்ததையும் ஒதுக்கி, பாமசியில் கொடுத்துவிடலாமா என்று கேளுங்கள். இனிமேல் அட்டையை வெட்டித் தரும்போது பெயர் உள்ள பக்கத்தைத் தரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

அண்ணாவின் போத்தலை எறிய வேண்டாம், அதில் பிழை இல்லை. வாயை இறுக மூடி, "இதுவும் பனடோல்தான்" என்று தமிழில் எழுதி ஒட்டி, அம்மாவின் கைக்கு எட்டாமல் வையுங்கள். கிரியேட்டினின் முடிவு வந்ததும் திகதியோடு எனக்கு எழுதுங்கள். போன வருடம் பார்த்த முடிவு கொப்பியில் இருந்தால் அந்த எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள், இரண்டையும் ஒப்பிட்டால்தான் சிறுநீரகம் புதிதாக இறங்கியதா, முந்தியே இறங்கியிருந்ததா என்று சொல்ல முடியும்.